செர்ரி இறாலும் சாதுவான மீன்களும்: ஒரே தாவரத் தொட்டியில் வளர்க்கும் முறை

தாவரங்கள் செழித்த தொட்டியில் செர்ரி இறாலையும் சிறு மீன்களையும் சேர்த்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணுக்குப் பிடித்த மீனை வாங்கிவந்து விட்டு, அது பழகியபின் பத்து இறால்களைச் சேர்க்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தப் பத்தும் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. மீன்தான் தின்றுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் நான் பார்த்தவரையில் பாதிக்கு மேற்பட்ட இறால்களைக் கொன்றது தண்ணீர்தான். எனவே இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது: முதலில் தண்ணீர், அடுத்துச் செடி, பிறகு இறால், எல்லாவற்றுக்கும் கடைசியில் மீன். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும் சாதாரணத் தொட்டியை மனத்தில் வைத்து, சென்னையைப் போன்ற சமவெளி ஊர்களின் வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இதை எழுதுகிறேன்.

தண்ணீர்

செர்ரி இறால் தைவானிலும் சீனாவின் கிழக்குப் பகுதியிலும் உள்ள நன்னீர் ஓடைகளைச் சேர்ந்த நியோகாரிடினா என்னும் இனத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட சிவப்பு வகை. அதன் காட்டு நிறம் மங்கிய பழுப்பு. கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரையிலும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 6.5 முதல் 7.8 வரையிலும் இருந்தால் அது நலமாக வாழ்ந்து குஞ்சும் பொரிக்கும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். திடீர் மாற்றத்தைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. ஒரே நாளில் டி.டி.எஸ். 200 இலிருந்து 500 ஆனால், மீன்கள் ஒன்றும் நடவாததுபோல் நீந்திக்கொண்டிருக்க, இறால்கள் பழைய மேலோட்டைக் கழற்றித் தோலுரிக்க முடியாமல் சாகும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்த் தண்ணீர் சிக்கலாகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல பகுதிகளில் கடினமானது. லாரித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்திலிருந்து வரக்கூடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருகிறவர் சட்டைப்பையில் செருகியிருக்கிறாரே, பேனா போன்ற அந்த டி.டி.எஸ். மீட்டர், அதில் ஒன்றை முதற்செலவாக வாங்கிவிடுங்கள். மீனுக்கும் விளக்குக்கும் செலவழிப்பதற்கு முன்னால் அதற்குச் செலவழிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. கிணற்று நீரின் அளவு 800 என்றும் ஆர்.ஓ. நீரின் அளவு 40 என்றும் காட்டினால், ஒரு பங்கு கிணற்று நீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. நீர் கலந்தால் 230 வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் கலந்தபின் மீட்டரை நனைத்துப் பார்த்துவிட்டே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீரை மட்டும் தனியாக நிரப்பிவிடக் கூடாது. ஓடு கட்டத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்றாலும் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அது அப்படிப் போகாது.

செம்பு இறாலுக்குக் கொடிய நஞ்சு. மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கப்படும் மருந்துகள் சிலவற்றில் காப்பர் சல்ஃபேட் இருக்கிறது. புட்டியின் மேல் உள்ளதைப் படிக்காமல் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். நம் வீடுகளுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. குடிப்பதற்காகச் செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த தண்ணீரை, நல்ல தண்ணீர்தானே என்று வீட்டில் யாரேனும் தொட்டியில் சேர்த்துவிடுவார்கள். மனிதருக்கு நல்லதென்று நாம் நினைக்கும் அதே செம்பு இறாலுக்கு எமன்.

புதுத் தொட்டியில் நீரை நிரப்பியவுடன் உயிர்களை விடக் கூடாது என்பது மீன் வளர்ப்போர் பலருக்கும் தெரிந்ததுதான். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நண்பர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையலாம். சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டிய பிறகும், இறால் விடுவதாக இருந்தால் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருப்பது நல்லது. கண்ணாடியிலும் இலைகளிலும் கையால் தொட்டால் வழுக்கும் மெல்லிய படலம் ஒன்று அதற்குள் படிந்துவிடும். இறால் நாள் முழுதும் மேய்வது அந்தப் படலத்தைத்தான்.

செடியும் வடிகட்டியும்

இறால் தொட்டிக்குச் செடி அழகுக்காக மட்டும் வேண்டியதில்லை. குஞ்சு இறால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும்; அது மீனின் கண்ணில் படாமல் முதல் மூன்று வாரங்களைக் கழிக்கும் இடம் பாசிக்கொத்தின் உட்புறம். எனவே ஜாவா பாசியையோ கிறிஸ்துமஸ் பாசியையோ கஞ்சத்தனமில்லாமல் வையுங்கள். இரண்டடித் தொட்டியில் இரண்டு கைப்பிடி அளவாவது இருக்க வேண்டும்; அதுவும் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் என்றில்லாமல், ஒரு கொத்திலிருந்து அடுத்த கொத்துக்கு இறால் திறந்த வெளியைக் கடக்காமல் போகும்படி தொடர்ச்சியாக அமைய வேண்டும். அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றை மரக்கட்டையில் நூலால் கட்டிவிடலாம். அவற்றுக்கு மண்ணும் வேண்டாம், தனியாகக் கரியமில வாயு செலுத்தவும் வேண்டாம். முன்புறத்துக்குக் கிரிப்டோகோரின் வெண்டியை நான் பரிந்துரைப்பேன். இலங்கையை மட்டுமே தாயகமாகக் கொண்ட அந்தச் செடி நம் வெப்பத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. நட்ட சில நாட்களில் அதன் இலைகள் குழைந்து கரைந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் பிழைத்திருக்கும், புது நீருக்குப் பழகிய இலைகளை அது மறுபடியும் விடும்.

வாங்கிய செடியை அன்றைக்கே தொட்டியில் நடுவது பெரும் தவறு. பண்ணைகளில் நத்தைக்கும் பூச்சிக்கும் தெளித்த மருந்து இலையில் ஒட்டியிருக்கலாம். ஒரு வாளியில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போட்டு, தினமும் தண்ணீரை மாற்றியபின் நடுங்கள். குளத்திலிருந்து எடுத்த வேலம்பாசியானால் வேறொரு கவலை. தட்டான்பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம் அதில் ஒளிந்து வரும். அந்த ஒன்றே ஒன்று ஒரு தொட்டி இறாலை மாதக்கணக்கில் வேட்டையாடிக்கொண்டே இருக்கும்.

வடிகட்டியைப் பொறுத்தவரை, ஏர் பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டிக்கு ஈடில்லை. குஞ்சுகளை அது உறிஞ்சாது. பஞ்சின் மேற்பரப்பே இறாலுக்கு மேய்ச்சல் நிலமாகிவிடும். வேறு வகை வடிகட்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் உறிஞ்சுமுனையில் ஒரு பஞ்சுக் குழலைச் செருகிவிட வேண்டும்.

ஏர் பம்பைப் பற்றிப் பேசும்போது நான் இழந்ததையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரே பலகையில் ஏர் பம்பும் கொசுவிரட்டித் திரவப் புட்டியும் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருந்தன. மழை விட்ட ஒரு மாலையில் சன்னல்களை மூடிவிட்டு, கொசுவிரட்டியைக் கூடுதல் வேகத்தில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் விளக்கைப் போட்டபோது இறால்கள் மணலில் பக்கவாட்டில் கிடந்து கால்களை மட்டும் உதறிக்கொண்டிருந்தன. சில, வட்டம் வட்டமாகச் சுழன்று மேலே எழும்பி மறுபடி விழுந்தன. மீன்களுக்கு ஒன்றும் இல்லை. நண்பகலுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட இறால்கள் இறந்துவிட்டன. கொசுவிரட்டிகளில் உள்ள பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே இறால் குலத்தைக் கொல்லக்கூடியவை. ஏர் பம்பு அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டி, கரப்பான் மருந்து, சுருள் எதுவும் வேண்டாம். சன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். குடியிருப்பில் மருந்தடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், தொட்டியை ஈரத்துணியால் மூடி, பம்பின் காற்று சுத்தமான அறையிலிருந்து வரும்படி நீண்ட குழாய் போட்டு வையுங்கள்.

இறாலை விடுதல்

பதினைந்து இறால்களுடன் தொடங்குங்கள். அனைத்தும் ஒரே நிறமாக இருக்கட்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலந்து விட்டால் அவை ஒன்றோடொன்று இனங்கூடி, சில தலைமுறைகளில் குஞ்சுகள் பழைய பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும். பெரிய இறாலைக் காட்டிலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த இளம் இறால்கள் புது நீருக்கு எளிதில் பழகும்.

கொண்டுவந்த பையை மீனைப்போல் அரை மணி நேரம் மிதக்கவிட்டு அவிழ்ப்பது இறாலுக்குப் போதாது. பைநீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, தொட்டியிலிருந்து மெல்லிய காற்றுக்குழாயை இறக்கி, குழாயின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி விடுங்கள். பாத்திரத்தில் நீர் மூன்று மடங்கானதும் மீட்டரால் இரண்டையும் அளந்து, அளவுகள் ஒத்துவந்தபின் வலையால் எடுத்து விட வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

முதல் வாரத்தில் மணலின்மேல் கண்ணாடிபோன்ற ஓர் இறால் அசையாமல் கிடப்பதைக் கண்டு பலரும் பதறுவார்கள். உற்றுப் பாருங்கள்: கண், மீசை, கால் எல்லாம் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது, முதுகில் தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு பிளவு தெரியும். அது உரித்துப்போட்ட தோல். அதை எடுத்துவிடாதீர்கள், இறால்களே மென்று அதிலுள்ள தாதுக்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இறந்த இறாலின் உடலோ சமைத்ததுபோல் இளஞ்சிவப்பாக மங்கிப்போயிருக்கும். அதைத்தான் உடனே அகற்ற வேண்டும். தோலுரித்த இறால் ஓரிரு நாட்கள் மென்மையாக இருக்கும், ஒளிந்துகொள்ளவே பார்க்கும். அந்நாட்களில் சாதுவான மீன்கூட அதைக் கொத்திவிடலாம். நீர் மிகவும் மென்மையான ஊர்களில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையில், அதாவது கணவாய் ஓட்டில், ஒரு சிறு துண்டைப் போட்டுவைத்தால் கால்சியம் மெல்லக் கரைந்து உதவும். கடின நீர் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

உணவுக்கு அலைய வேண்டியதில்லை. தெருவோரத்தில் உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையொன்றைக் கழுவிப் போடுங்கள். அது மட்கும்போது அதன்மேல் வளரும் நுண்ணுயிர்ப் படலத்தை இறால்கள் மேய்ந்து, இலையை நரம்புக்கூடாக்கிவிடும். மருந்தடிக்காத வீட்டு மரத்து முருங்கைக்கீரை ஒரு சிறு கொத்தை இரண்டு நிமிடம் கொதிநீரில் வாட்டி வாரம் ஒருமுறை கொடுக்கலாம். மூன்று மணி நேரத்தில் தின்று தீராததை எடுத்துவிட வேண்டும். நான் கண்டவரையில் பட்டினியால் இறந்த இறாலைவிட, மீந்த தீவனம் அழுகியதால் இறந்த இறால்களே அதிகம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு மாதங்களில் ஒரு பெண் இறாலின் வயிற்றுக்கடியில் மஞ்சள் மணிகளைப்போல் முட்டைகள் தெரியும். அவள் நின்ற இடத்தில் நின்றபடியே வயிற்றுக்கால்களை விசிறிபோல் ஆட்டி முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சிக்கொண்டிருப்பாள். நடுநடுவே ஒரு காலை உள்ளே விட்டு முட்டைகளைப் புரட்டிவிடுவாள். இருபது முதல் முப்பது வரை முட்டைகள் இருக்கும். வெப்பத்தைப் பொறுத்து மூன்று நான்கு வாரங்களில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு தாயின் சிற்றுருவாகவே இருக்கும். இப்படி முதல் தலைமுறைக் குஞ்சுகள் பாசியில் திரிவதைப் பார்த்த பிறகே, அதாவது ஏறத்தாழ மூன்று மாதம் கழித்தே, மீனை நினைக்க வேண்டும்.

எந்த மீன்

சாதுவான மீன் என்று கடையில் சொல்லும்போது, அது மற்ற மீன்களோடு சண்டையிடாது என்பதே பொருள். இறாலைத் தின்னாது என்று அதற்குப் பொருளில்லை. ஏஞ்சல் மீன் பல தொட்டிகளில் மற்ற மீன்களோடு ஒத்துவாழும். செர்ரி இறாலை வாரி விழுங்கும். மீனின் குணத்தைவிட அதன் வாயின் அளவே நமக்கு முக்கியம். வாய்க்குள் நுழைவது எதுவும் அதற்கு இரைதான், குஞ்சு இறால் ஏறக்குறைய எல்லா மீனின் வாய்க்குள்ளும் நுழையும்.

முழுமையாக நம்பக்கூடியது ஓட்டோசின்க்ளஸ். நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதில் படியும் வழுக்குப் பாசியைச் சுரண்டித் தின்னும் இந்தத் தென்னமெரிக்க மீன் குஞ்சு இறாலைக்கூட ஏறெடுத்துப் பார்க்காது. ஆனால் பாசி படியாத புதுத் தொட்டியில் அது பட்டினியால் இறந்துவிடும். எனவே நான்கைந்தை மட்டும், முதிர்ந்த தொட்டியில் விடுங்கள். அடுத்து இரண்டரை சென்டிமீட்டர் அளவே உள்ள பிக்மி கோரிடோராஸ். நீரின் நடுப்பகுதிக்கு என் தேர்வு எம்பர் டெட்ரா. பிரேசிலின் அரகுவாயா ஆற்றுப்படுகையைச் சேர்ந்த இந்த இரண்டு சென்டிமீட்டர் மீன், 28 டிகிரி வெப்பத்திலும் சோர்வடைவதில்லை என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. எட்டு முதல் பத்து வரை ஒரு கூட்டமாக விட வேண்டும். குறைவாக விட்டால் மிரண்டு ஒளியும். போர்னியோவின் சில்லி ரஸ்போரா இதைவிடச் சிறியது, வாயும் சிறியது. எனினும் அது அமிலத்தன்மையுள்ள மென்னீரை விரும்புவதால், கடின நீர்க்காரர்கள் வாங்கி ஏமாற வேண்டாம்.

கடின நீர் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கப்பி. டி.டி.எஸ். 300ஐ ஒட்டிய நீரில் கப்பியும் செர்ரி இறாலும் சேர்ந்து வாழ முடியும். ஆண் கப்பிகளாக மட்டும் ஐந்தாறு விடுங்கள். பெண்ணும் சேர்ந்தால் ஆறு மாதத்தில் தொட்டி முழுவதும் கப்பியாகிவிடும். குஞ்சு இறால்களில் சிலவற்றை அவை தின்னத்தான் செய்யும், பாசி அடர்த்தியாக இருந்தால் பிழைப்பவையும் போதுமான அளவு இருக்கும். குஞ்சுகளில் சிலவற்றைத் தின்னும் இந்த வரிசையில்தான் நியான் டெட்ராவும் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிரூர்களில் இருப்பவர்களுக்கு ஒயிட் கிளவுட் மீன் மிகப் பொருத்தம். சென்னை வெப்பத்தில் அதை வாட்டாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவற்றில் ஃபைட்டர், கௌராமி, பார்ப், கோல்டு ஃபிஷ், சிக்லிட் வகைகள் எல்லாம் அடங்கும். ஃபைட்டரில் சில இறாலைத் தொடாமல் வாழ்வதுண்டு, ஆனால் அது அந்தந்த மீனின் போக்கைப் பொறுத்தது; முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேரளத்துப் பம்பை நதியிலிருந்து 1941இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான குட்டிப் பஃபர் மீனைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டாணிபோல் இருந்தாலும் நத்தையையும் இறாலையும் கடித்து நொறுக்கித் தின்பதற்கேற்ற, அலகுபோல் இணைந்த பற்கள் அதற்குண்டு.

புது மீன்களைத் தனிப்பாத்திரத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சேர்க்க வேண்டும். இறால் தொட்டிக்குள் நோய் வந்தபின் துணிந்து மருந்து ஊற்ற வழியில்லை. மீன்களுக்கு வயிறாரத் தீவனம் கொடுத்து, விளக்கை அணைத்தபின் தொட்டியில் விடுங்கள். முதல் வாரம் இறால்கள் மறைந்துகொள்ளும். பிறகும் அவை பகலில் வெளியே வந்து திறந்த மணலில் மேயவில்லை என்றால், அந்த மீன் ஒன்றையும் தின்றதாகத் தெரியாவிட்டாலும், அது இந்தத் தொட்டிக்கு ஏற்ற மீன் இல்லை என்று கொள்ளலாம்.

கோடைக்காலம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை அறைக்குள் இருக்கும் தொட்டியிலேயே நீர் 31, 32 டிகிரியைத் தொடும். செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 வரை இதம், 28 வரை தொல்லையில்லை; 30க்கு மேல் இனப்பெருக்கம் தளரும், நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். மூடியை எடுத்துவிட்டு, சிறிய கணினி விசிறியொன்றை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வைத்தால் ஆவியாதல் கூடி இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோரத்து ஈரக்காற்றில் இதன் பலன் சற்றுக் குறைவு, கோவை, மதுரை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் அதிகம். பனிக்கட்டிப் புட்டியைப் போட்டு ஒரே மணி நேரத்தில் குளிர்விப்பது, வெப்பத்தைவிடக் கேடு.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த இடத்தைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் டி.டி.எஸ். இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஆவியான அளவை ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். வாரந்தோறும் பத்து முதல் பதினைந்து விழுக்காடு நீரை மாற்றும்போது மட்டும் முன்பு சொன்ன கலவையை, சொட்டுச் சொட்டாக, பயன்படுத்துங்கள். மின்வெட்டு நேரும் ஊர்களில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். கோடை இரவில் இரண்டு மணி நேரம் காற்றோட்டம் நின்றாலே மூச்சுக்காக இறால்கள் நீர்மட்டத்துக்கு ஏறிவந்துவிடும்.

ஓராண்டில் இறால்கள் நூறைத் தாண்டக்கூடும். மிகுதியை ஏரியிலோ கிணற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள். அங்கே நமக்கே உரிய சிற்றிறால்கள் வாழ்கின்றன. நண்பருக்குக் கொடுப்பதாயின், முந்தின நாள் தீவனத்தை நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும் மீதி காற்றுமாகக் கட்டுங்கள். வழியில் குலுங்கும்போது பற்றிக்கொள்ள ஒரு கொத்துப் பாசியும் உள்ளே இருக்கட்டும். பையின்மேல் உங்கள் நீரின் டி.டி.எஸ். அளவை எழுதிக் கொடுங்கள்.